நான் வார்க்காத வெண்கலக் கொக்கி

ஆண்டுதோறும் இந்தப் புல்வெளியில் நம்மையெல்லாம் ஒன்றுகூட்டி, இன்றைய விழாவுக்கும் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஜுமாகாதிர் அய்யா அவர்களே. நரைத்த தாடியும் நிமிர்ந்த முதுகுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே. விடியும் முன் எழுந்து, மாவு பிசைந்து, எண்ணெய்ச் சட்டி ஏற்றி, இத்தனை பேருக்கும் போர்சோக் பொரித்துக் குவித்துவிட்டு, கையில் ஒட்டிய மாவோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. ஏரியின் தென்கரையிலிருந்தும் கணவாய்க்கு அப்பாலிருந்தும் கவசமும் கேடயமும் கட்டிச் சுமந்து வந்திருக்கும் தோழர்களே. அருங்காட்சியகத்திலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர் அனார்கான் அம்மையார் அவர்களே. உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள். "குறைந்த செலவில் அசல் போர்க்கோலம் அமைப்பது எப்படி" என்று தலைப்பு. "உரையாற்றுபவர்: சங்கத்தின் தலைமைப் பரிசோதகர், சென்ற ஆண்டின் சிறந்த போர்க்கோலப் பரிசு பெற்றவர், மெலிஸ்" என்று அதற்குக் கீழே என் பெயர். தலைப்பு சரி. அதற்குக் கீழே உள்ளது தவறு. இந்தத் தலைப்பில் பேசத் தகுதி உள்ளவர் ஒருவர் இருக்கிறார். அவர் இன்று இங்கே இல்லை. அவர் இங்கே இல்லாமல் போனதற்குக் காரணம் நான். எப்படி என்று சொல்லத்தான் இந்த மேடையை அய்யாவிடம் கேட்டு வாங்கினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலால் நான் பல்செட் கட்டுகிறவன். இந்த முன்வரிசையில் சிரிப்பவர்களில் பாதிப் பேர் சிரிப்பது என் கைவேலையால். (சிரியுங்கள், சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவீர்கள்.) ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் ஆயிரத்து முந்நூறு ஆண்டு பின்னே போய்விடுவேன். இந்த மலைகளில் குதிரையேறித் திரிந்த வீரர்கள் என்ன உடுத்தினார்கள், எப்படிக் கட்டினார்கள், எதை இடுப்பில் தொங்கவிட்டார்கள் என்று தேடித் தேடி, அதேபோல் செய்து, அதேபோல் அணிந்து நிற்பதுதானே நம் சங்கத்தின் வேலை. அந்த வேலைக்குக் காவல்காரன் நான். பரிசோதகன் பார்த்துத் தலையசைத்தால்தான் எவரும் களத்தில் இறங்கலாம். எட்டு ஆண்டுகள் தலையசைத்தேன். தலையசைத்துத் தலையசைத்தே எனக்குத் தலைக்கனம் வந்தது.

சென்ற ஆண்டு விழாவுக்கு முதன்முறையாக ஒரு பெண் வந்தார். சைரகுல். மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. யாரும் அவருக்குப் பொருள் தரவில்லை. அவர் தன் போர்க்கோலத்தை எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். அழைப்பிதழில் உள்ள தலைப்புக்கு விடை இதுதான்.

கவசத்துக்கு இரும்பு வேண்டும். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த பெட்ரோல் பீப்பாய்கள் இரண்டு வாங்கினார். வெட்டினார். விரல் நீளத் தகடுகள், நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு தகட்டிலும் ஆறு துளை. துளைபோடக் கருவி இல்லை; ஆணியும் சுத்தியலும்தான். துரு நீங்கத் தேய்த்து, ஆட்டுக்கொழுப்புத் தடவி, அடுப்பில் காட்டிக் கறுப்பாக்கினார். கோக்க வார் வேண்டுமே? அவருடைய மாமனாரின் கிழிந்த பூட்ஸ்கள் வாராயின. கவசத்துக்கு உள்ளே அணியும் திணிப்பு வைத்த அங்கிக்கு வீட்டு மெத்தையைப் பிரித்து ஒட்டக ரோமம் எடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுதும் வீட்டில் ஒரு மெத்தை குறைச்சல். தொப்பிக்குப் பழைய கம்பளியிலிருந்து கிழிந்த ஓரம். செலவு என்று பார்த்தால் ஒரு ஆட்டுக்குட்டியின் விலைகூட வராது. உழைப்பு என்று பார்த்தால் எதைக் கொண்டு அளப்பது?

சந்தேகம் வரும்போது யாரிடம் கேட்டார் தெரியுமா? நம்மிடம் கேட்கவில்லை. நாம் எப்படிப் பதில் சொல்வோம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அருங்காட்சியகத்துக்குப் போனார். ஏழு விடுமுறை நாள்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் வரைந்து வந்து, பார்த்துப் பார்த்துச் செய்தார்.

அப்படிச் செய்ததை அணிந்துகொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வரிசையில் அவருக்குப் பின்னால் ஐம்பது பேர். சுற்றிலும் முந்நூறு பேர். என் கையில் மைக். கவசத்தைத் தட்டிப் பார்த்தேன், குறை இல்லை. வாரை இழுத்துப் பார்த்தேன், குறை இல்லை. தொப்பி, பூட்ஸ், எதிலும் குறை இல்லை. குறை காணாமல் விட்டால் பரிசோதகன் எதற்கு? கவசத்தையும் அங்கியையும் கழற்றச் சொன்னேன். அங்கியின் இடது கையை உள்வெளியாகப் புரட்டினேன். அங்கே கிடைத்தது.

"இது என்ன?"

"தையல்ண்ணே."

"அது தெரியுது. என்ன தையல்?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மத்ததெல்லாம் கையாலதான் தைச்சேன். அந்த ஒரு கை மட்டும் மிஷின்ல போட்டேன். பிளீச்சிங் தண்ணியில விரலெல்லாம் வெடிச்சுப்போச்சு, ஊசி பிடிக்க முடியல. உள்பக்கம்தானே, வெளிய தெரியாதுண்ணே."

மெதுவாகச் சொன்னவருக்கு மெதுவாகப் பதில் சொல்லியிருக்கலாம். பிரித்துத் தைத்துக்கொண்டு நாளை வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? இங்கே அன்று இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கியைத் தூக்கிப் பிடித்தேன். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"பெரியோர்களே, ஒரு புதிய கண்டுபிடிப்பு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம முன்னோர்கிட்ட தையல் மிஷின் இருந்திருக்கு. சைரகுல் தங்கச்சி கண்டுபிடிச்சிருக்காங்க. கரன்ட்டு எங்கேருந்து இழுத்தாங்கன்னு மட்டும் இன்னும் தெரியல."

முந்நூறு பேரும் சிரித்தீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. சிரிக்க வைத்தவன் நான். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கவசத்தை எடுத்து, தகடுகள் ஒன்றோடொன்று உரசாமல் மடித்து, சாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அங்கி மட்டும் என் கையில் நின்றுவிட்டது. அதைக் கொடுக்கக் குதிரைகள் கட்டியிருந்த இடம்வரை போனேன்.

இப்போது என் இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று என் இடுப்பில் ஒரு கச்சை. அதன் நடுவே வெண்கலக் கொக்கி. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் ஒரு மலையாடு அதில் இருந்தது. கொம்பின் ஒவ்வொரு கணுவும் தெரியும். எல்லோரிடமும் என்ன சொன்னேன்? "நானே வார்த்தேன். பல் வார்க்கும் உலையில், மெழுகு அச்செடுத்து, என் கையால் வார்த்தேன்" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பல் வார்ப்பவன் ஆடு வார்க்க மாட்டானா?

மாட்டான். முயன்றேன், ஒன்பது முறை முயன்றேன். ஒருமுறை ஆட்டுக்கு முகம் வரவில்லை. ஒருமுறை கால் வரவில்லை. ஒருமுறை நாய் வந்தது. தலைநகரில் ஒரு கைவினைஞரைக் கேட்டேன். மூன்று ஆட்டின் விலை சொன்னார். நானோ குறைந்த செலவில் செய்து காட்டுவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன். அந்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை மாட்டுச்சந்தையில் ஒரு ஆள் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். காலுறைக்குள்ளிருந்து இதை எடுத்தான்.

"எங்கேருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"மண்ணுலேருந்து வந்தது."

"எந்த மண்ணு?"

"அண்ணே, ஆட்டை வாங்குறவன் எந்தப் புல்லைத் தின்னுச்சுன்னா கேக்குறான்? வேணும்னா எடுங்க. இல்லன்னா வேற ஆளு காத்திருக்கான்."

எடுத்தேன். ஒரு ஆட்டின் விலையில் பாதிக்கு எடுத்தேன். எங்கோ ஒரு பழைய கல்லறைமேட்டைத் தோண்டி எடுத்தது என்று தெரியாமலா எடுத்தேன்? தெரிந்தேதான். நாட்டில் சட்டம் இருப்பது தெரியாதா? தெரியும். சங்கத்தின் விதிகளில் அதற்கென்று ஒரு விதி இருப்பது தெரியாதா? அதை எழுதியவனே நான். பிறகு வீட்டுக்குப் போய், முன்பக்கத்தில் சொரசொரப்பாக ஒட்டியிருந்த பச்சைக் கட்டியைச் சுரண்டி எடுத்து, பல்லுக்குப் பாலிஷ் போடும் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தேன்.

(அங்கே பின்னால் யாரோ தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளுங்கள். நானும் அடித்துக்கொண்டேன், காலம் தாழ்ந்து.)

குதிரைகளுக்கு அருகே சைரகுலிடம் அங்கியை நீட்டினேன். அவர் அங்கியை வாங்கவில்லை. என் இடுப்பையே பார்த்தார்.

"அண்ணே, இது எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. நானே வார்த்தேன்."

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. பெருமையாகத்தான் காட்டியிருப்பேன். அவர் குனிந்து, விரல் படாமல் பார்த்தார்.

"இதோட ஜோடி அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த ஆடு இடப்பக்கம் பார்க்குது, இது வலப்பக்கம் பார்க்குது. ஏழு நாள் அது முன்னாடி உக்காந்து வரைஞ்சிருக்கேன். கொம்புல அஞ்சாவது கணு கோணலா இருக்கும். இதுலயும் இருக்கு."

"அதைப் பார்த்துதான் வார்த்தேன்."

"பின்னாடி வளையத்துக்குள்ள மண்ணு இறுகிக் கிடக்கு. நேத்து வார்த்ததுல மண்ணு எப்படிண்ணே இறுகும்?"

கொக்கியைக் கையால் மூடிக்கொண்டேன். கேட்டது ஒன்றுதான். "மைக்குல போய்ச் சொல்லப் போறியா?"

"இல்லண்ணே. இத்தனை பேர் சேர்ந்து சிரிச்சா எப்படி இருக்கும்னு இப்பத்தான் பார்த்தேன். அதை நான் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டேன். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

அங்கியை வாங்கிக்கொண்டார். போய்விட்டார்.

அன்பர்களே, அந்த இடத்திலாவது நான் மனிதனாகியிருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து இதே மேடையில் என் பெயரை அழைத்தார்கள். சிறந்த போர்க்கோலத்துக்கான பரிசு, வெள்ளிப்பூண் போட்ட சேணம். ஜுமாகாதிர் அய்யா கேட்டார்: "கொக்கி யாரு வேலைப்பா?" நான் இந்த மைக்கில், இந்த வாயால் சொன்னேன்: "என் கைவேலை அய்யா." கூட்டம் கைதட்டியது. நான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன்.

குளிர்காலம் வந்தது. ஜனவரியில் அனார்கான் அம்மையார் பள்ளிக்கூட மண்டபத்துக்கு நம் சங்கத்தாரையும் ஊராரையும் அழைத்திருந்தார். கோக்-சாய்ப் பள்ளத்தாக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லறைமேட்டை யாரோ தோண்டிக் கொள்ளையடித்திருந்தார்கள். மற்ற மேடுகளைக் காக்க நம் உதவி வேண்டும் என்றார். திரையில் படங்களைக் காட்டினார். குழி. குழிக்கு வெளியே புல்லில் வீசியெறிந்த எலும்புகள். வீசிய மண்ணைச் சல்லடையில் சலித்தபோது கிடைத்த ஒரே ஒரு வெண்கலக் கொக்கி, இடப்பக்கம் பார்க்கும் ஆட்டோடு; சைரகுல் கண்ணாடிப் பெட்டியில் பார்த்து வரைந்த அதே கொக்கி.

பிறகு ஒரு தாடையெலும்பின் படம் வந்தது. அம்மையார் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"மெலிஸ், நீங்க பல் வேலை செய்யறவர்தானே? கொஞ்சம் முன்னாடி வந்து பாருங்க. வயசு என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?"

போனேன். பார்த்தேன். பல் பொய் சொல்லாது. கடைவாயில் ஞானப்பல் பாதிதான் வெளியே வந்திருந்தது. மற்ற பற்களில் தேய்மானமே இல்லை.

"பதினேழு... பதினெட்டுக்கு மேல இருக்காது," என்றேன்.

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். பொண்ணுன்னு தோணுது. உறுதியா சொல்ல முடியல. எலும்பையெல்லாம் உடைச்சுக் கலைச்சுட்டாங்க. பக்கத்துல அம்புமுனை கிடந்தது. போர்வீரக் கச்சை கட்டிப் புதைச்சிருக்காங்க."

முன்வரிசையில் ஒருவர் கேட்டார். "கச்சை இருந்துச்சுன்னு எப்படித் தெரியும் அக்கா? அதைத்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

அம்மையார் அடுத்த படத்தைப் போட்டார். இடுப்பெலும்பு. அதன் மேல் பச்சையாக ஒரு கறை. வெண்கலம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் எலும்போடு ஒட்டிக் கிடந்தால், அதன் பச்சை எலும்பில் ஊறிவிடுமாம். கறைக்கு உருவம் இருந்தது, விளிம்பு இருந்தது. அந்த விளிம்பு எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தானே என் இடுப்பில் கட்டினேன்.

அந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் சைரகுல் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட வேண்டியவன் நான். எனக்காக வெட்கப்பட்டது அவர்.

அன்றாவது பேசினேனா? இல்லை. அன்றும் பேசவில்லை. தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான்கு நாள்கள் நோயாளிகளின் வாய்க்கு எதிரே பல்செட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். எந்த நோயாளி வாயைத் திறந்தாலும் ஞானப்பல்லைத்தான் பார்த்தேன். நான்காம் நாள் என் மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "நீ வார்த்ததுன்னு என் அண்ணன்கிட்டகூடப் பெருமையா சொன்னேனே," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை கொக்கியை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

அம்மையார் அதை வாங்கி விளக்கடியில் வைத்தார். நான் எதிர்பார்த்தது திட்டு. அவர் கேட்டதோ ஒரு கேள்வி.

"முன்பக்கத்தை எதால தேய்ச்சீங்க?"

"பல்லுக்குப் பாலிஷ் போடுற பிரஷ்ஷால."

"இதுமேல சொரசொரப்பா ஏதாவது ஒட்டியிருந்துச்சா?"

"இருந்துச்சு. பச்சையா ஒரு கட்டி. சுரண்டி எடுத்துட்டேன்."

அவர் எழுந்து போய் அந்த ஜோடிக் கொக்கியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். அந்தக் கொக்கியின் ஓரத்தில் விரல்நக அளவுக்கு அதே பச்சைக் கட்டி. கண்ணாடி வழியே பார்த்தேன். அது துணி. வெண்கலத்தோடு சேர்ந்து கல்லாகிப்போன துணி. அதில் ஒரு தையல் தொடங்கி, மூன்று முடிச்சு ஓடி, கொக்கியின் விளிம்பில் நின்றுவிட்டது.

"மீதித் தையல் உங்ககிட்ட இருந்ததுலதான் இருந்திருக்கும் மெலிஸ். அந்தக் காலத்துத் தையல் எதுவும் இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் எங்களுக்குக் கிடைச்சதில்ல," என்றார்.

தோழர்களே, கேளுங்கள். எதற்காக நாம் இந்தச் சங்கம் நடத்துகிறோம்? முன்னோர் எப்படித் தைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தானே? ஒரு பெண் மிஷினில் தைத்தாள் என்று மைக்கில் ஏளனம் செய்தவன் நான். முன்னோர் கையால் தைத்த தையலைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வாஷ்பேசினில் ஊற்றியவனும் நான். அந்த மிஷின் தையல் யாரை என்ன செய்தது? யாரையும் எதுவும் செய்யவில்லை. நான் அழித்தது திரும்பி வருமா? எத்தனை அபராதம் கட்டினாலும் வராது. காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன், வராது. விற்றவனை அடையாளம் காட்டினேன், வராது. இங்கே உங்கள் முன் நின்று தொண்டை கிழியப் பேசினாலும் அந்த மூன்று முடிச்சுக்குப் பின் நான்காவது முடிச்சு வராது.

("பரவால்ல அண்ணே, விடுங்க" என்கிறார் ஒரு தம்பி. உன் மனசு நல்ல மனசு தம்பி. ஆனால் இதைப் பரவாயில்லை என்று சொல்லும் உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.)

பிறகு சைரகுலைத் தேடி மருத்துவமனைக்குப் போனேன். நீராவிக்கு நடுவில், ஈரப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மிஷின்கள் ஓடும் இரைச்சல். கொக்கியை ஒப்படைத்ததைச் சொன்னேன். அன்று செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு விரிப்பை முழுதாக மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, சிரிச்சப்போ முந்நூறு பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் இந்த இரைச்சல்ல, எனக்கே சரியாக் கேக்காத மாதிரியா?"

"விழாவுல மேடையிலயே சொல்றேன். நீயும் வரணும். களத்துல இறங்கணும்."

"சொல்லுங்க. அது உங்க கடமை. நான் வரல."

"இன்னும் கோபமா இருக்கியா?"

"கோபம் அப்பவே போயிடுச்சு. ஆசையும் அதோட போயிடுச்சுண்ணே."

"அந்தக் கவசம்?"

"வீட்டுல இருக்கு. அங்கியைப் பொண்ணு குளிருக்குப் போட்டுக்கறா. கதகதப்பா இருக்காம். அந்த மிஷின் தையலைப் பிரிக்கல, அப்படியே இருக்கட்டும். என் கை வெடிச்சிருந்தப்போ போட்டது அது."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே, அன்பர்களே, முந்நூறு பேர் கேட்கச் சொன்னதை முந்நூறு பேர் கேட்கத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சைரகுலின் போர்க்கோலம்தான் இந்தச் சங்கம் இதுவரை கண்டவற்றில் நேர்மையானது. என்னுடையது பொய். கொக்கி என் கைவேலை என்று சொன்னது பொய். சேணத்தை நேற்றே அய்யாவின் வீட்டில் ஒப்படைத்துவிட்டேன். பரிசோதகர் பொறுப்பை இந்த நொடியோடு விடுகிறேன். இனி அந்த மேசையில் உட்காருபவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தையலைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன், ஆளைத் தனியே அழைத்து, "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டால் ஆசை வளரும். கேலி செய்தால் ஆசை கருகும். கருகிய ஆசையைத் துளிர்க்க வைக்க எந்த உலையும் இல்லை, எந்த உரையும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அனார்கான் அம்மையாரின் அனுமதியோடு சொல்கிறேன். ஆய்வு முடிந்துவிட்டது. கோக்-சாய் ஊரார் கேட்டுக்கொண்டபடி, அந்தப் பிள்ளையின் எலும்புகளை வருகிற வியாழக்கிழமை காலை அதே மேட்டில் திரும்ப அடக்கம் செய்கிறார்கள். பதினேழோ பதினெட்டோ, பெயர் தெரியாது, யார் பெற்ற பிள்ளை என்று தெரியாது, எதற்காக அந்த வயதில் கச்சை கட்டினாள், எதனால் செத்தாள், எதுவும் இனித் தெரியப் போவதில்லை. அதையெல்லாம் தெரியவிடாமல் செய்தவர்களில் நானும் ஒருவன். குழி பெரியது. கொள்ளையர்கள் அகலமாகத் தோண்டிவிட்டார்கள். மூட ஆள் வேண்டும்.

வாருங்கள். கவசம் வேண்டாம், கேடயம் வேண்டாம், எந்த வேடமும் வேண்டாம். வீட்டில் உடுத்தும் துணியோடு, ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாருங்கள். நான் முதல் வண்டியில் போகிறேன்.

சொல்ல இடம் கொடுத்த தலைவர் அய்யாவுக்கும், எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்ட பெரியோருக்கும், முகம் சுளித்தபோதும் கடைசிவரை முகம் திருப்பாத தாய்மார்களுக்கும் என் நன்றி. உங்களை வணங்கி இறங்குகிறேன்.